கணக்கில் வராத தாய்மார்

அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் தேசிய மனநல ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே மிக்கி பிளாக், பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ ஆகியோர் அடங்கிய குழு ஓர் ஆய்வு நடத்தி, 2000-இல் அதன் முடிவை வெளியிட்டது. ஆய்வில் இருந்தவர்கள் 16 பெண்கள். அவர்களில் 8 பேருக்கு முன்பு பிரசவத்துக்குப் பிறகு கடும் மனச்சோர்வு வந்து, பின்னர் முழுவதும் குணமாகியிருந்தது. மற்ற 8 பேருக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. ஆய்வு நடந்த காலத்தில் யாரும் கர்ப்பமாக இல்லை. எல்லோரும் நல்ல மனநிலையில்தான் இருந்தார்கள்.

முதலில் ஊசி போட்டு அவர்களுடைய சினைப்பைகள் ஹார்மோன் சுரப்பதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பிறகு ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டிரோன் இரண்டையும் 8 வாரம் உயர்ந்த அளவில் கொடுத்தார்கள். கர்ப்ப காலத்தில் இந்த ஹார்மோன்கள் ஏறுவதை ஒத்த ஏற்பாடு இது. அதன்பின் இரண்டையும் சட்டென்று நிறுத்தினார்கள். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் இதே வீழ்ச்சிதான் நடக்கிறது. ஹார்மோன் எப்போது நின்றது என்று பெண்களுக்கும் சொல்லவில்லை, அவர்களுடைய மனநிலையை மதிப்பிட்டவர்களுக்கும் சொல்லவில்லை.

முன்பு மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை மீண்டும் சரிந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்குக்கூட எதுவும் ஆகவில்லை. இரு குழுவுக்கும் ஹார்மோன் ஒரே அளவில்தான் ஏறியது, ஒரே அளவில்தான் இறங்கியது. ஆகவே வேறுபாடு ஹார்மோனின் அளவில் இல்லை. அந்த ஏற்ற இறக்கத்தை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

"பிள்ளை பெத்தவங்க எல்லாருமா இப்படி இருக்காங்க?" என்று கேட்டுத் தாய்மாரை வாயடைக்கிற உலகத்துக்கு இந்தச் சிறிய ஆய்வு ஒரு பதில் சொன்னது. எல்லாருக்கும் வருவதில்லை, உண்மைதான். ஆனால் யாருக்கு வருகிறதோ அவருக்கு அது பாசக் குறைவாலோ மன உறுதி இல்லாமையாலோ வருவதில்லை. பிரான்சில் லூயி விக்டர் மார்சே என்ற மருத்துவர் கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் வரும் மனநோய் பற்றித் தனி நூலே எழுதியது 1858-இல். அதற்குப் பிறகு இந்தப் பதில் கிடைக்க 142 ஆண்டுகள் ஆயின. ஏன் இவ்வளவு காலம்? பெண்களின் மனநோய்க்கான சிகிச்சைகள் எப்படிச் சோதிக்கப்பட்டன, எப்படிச் சோதிக்கப்படாமல் விடப்பட்டன என்பதில்தான் அதற்கான விடை இருக்கிறது.

முதலில் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிரசவமான முதல் வாரத்தில் காரணம் தெரியாத அழுகையும் எரிச்சலும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் மனம் முற்றிலும் நிலைகுலைந்து, இல்லாத குரல்கள் கேட்கும் நிலை வரும். அதற்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை இரண்டுக்கும் இடைப்பட்டது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பது. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராது. குழந்தையைத் தூக்கினாலும் மனம் அசையாது. தான் இல்லாமலிருந்தால் பிள்ளைக்கு நல்லது என்றுகூடத் தோன்றும். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, 20,043 தாய்மாரின் விவரங்களை அலசிய கட்டுரை ஒன்று 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. அதன் கணக்குப்படி 22 சதவீதத் தாய்மாருக்கு இந்தச் சோர்வு இருக்கிறது.

விலக்கியது யாரைக் காக்க?

மேற்கு ஜெர்மனியில் 1957-இல் தாலிடோமைடு என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மசக்கைக் குமட்டலுக்கும் பாதுகாப்பானது என்று சொல்லி விற்றார்கள். 1961 இறுதியில் அது அங்கே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதனால் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சியின்றியும் வேறு குறைகளோடும் பிறந்தன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, போதிய சான்று இல்லை என்று அனுமதி மறுத்து உறுதியாக நின்றதால் அந்த நாட்டில் அது கடைக்கு வரவில்லை.

கர்ப்பிணிகளிடம் மருந்தைச் சோதித்ததால் இந்தக் கொடுமை நேரவில்லை. சோதிக்காமலேயே அவர்களுக்கு விற்றதால் நேர்ந்தது. ஆனால் உலகம் எடுத்துக்கொண்ட பாடம் நேர்மாறானது. 1977-இல் அதே மருந்து நிர்வாகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களைப் புது மருந்துகளின் முதற்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. கருத்தடை செய்துகொள்ளும் பெண், திருமணமாகாத பெண், கணவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட பெண் ஆகியோரும் அந்த விலக்கில் அடங்கினார்கள். ஒரு மருந்தின் அளவும் பக்க விளைவும் முதற்கட்டச் சோதனைகளில்தான் கணிக்கப்படுகின்றன. அந்தக் கணிப்பு பெரும்பாலும் ஆண் உடலை வைத்தே நடந்தது. மருந்துச் சீட்டு மட்டும் இரு பாலருக்கும் எழுதப்பட்டது.

1993-இல் இந்த விலக்கு நீக்கப்பட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அதே ஆண்டு அமெரிக்காவில் சட்டமும் வந்தது. பெண் உடலைத் தனியே கணக்கில் எடுக்காததால் நேர்ந்தது என்ன என்பதற்குச் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை நல்ல சான்று. 1992-இல் அது அனுமதி பெற்றபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்ணின் உடல் அதை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது, காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் இரத்தத்தில் மருந்து தங்கியிருக்கிறது என்று சொல்லிப் பெண்களுக்கான அளவை அமெரிக்க மருந்து நிர்வாகம் 5 மில்லிகிராமாகக் குறைத்தது 2013-இல். ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெண்கள் தேவைக்கு இரு மடங்கு விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் மோசம். மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் கருவுற்றால் மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்தலாமா? இந்தக் கேள்விக்கு, யாருக்கு எது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யும் சோதனை நடத்திப் பதில் தேடாமல், நடப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஆய்வுகளையே மருத்துவ உலகம் பெரும்பாலும் நம்பியிருக்கிறது. லீ கோஹன் குழு 201 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கும், நிறுத்தியவர்களில் 68 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. கேட்டதும் நிறுத்தக் கூடாது என்றுதான் தோன்றும். ஆனால் 2011-இல் கிம்பர்லி யாங்கர்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில் அப்படியொரு தெளிவான வேறுபாடு தென்படவில்லை. முதல் ஆய்வின் பெண்கள் பெரும்பாலும் மனநலச் சிறப்பு மையங்களுக்கு வந்தவர்கள், நோய் கடுமையாக இருந்தவர்கள். இரண்டாவது ஆய்வின் பெண்கள் பெரும்பாலும் பொதுவான மகப்பேறு மருத்துவ இடங்களிலிருந்து வந்தவர்கள். யார் மாத்திரையைத் தொடர்வது, யார் நிறுத்துவது என்பதை இரண்டிலும் குலுக்கல் முடிவு செய்யவில்லை. அவரவர் நிலையும் பயமும் மருத்துவரின் யோசனையும் முடிவு செய்தன. ஆகவே நோய் திரும்பியதற்குக் காரணம் மாத்திரையை நிறுத்தியதா, வேறொன்றா என்று அறுதியிட முடியவில்லை.

இதற்கிடையே உலகெங்கும் கர்ப்பிணிகள் மாத்திரையை விழுங்கிக்கொண்டும் நிறுத்திக்கொண்டும்தான் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் உடம்பில் ஒரு சோதனை நடத்திக்கொள்கிறாள். பெரும்பாலும் அதைக் குறித்துக்கொள்ள ஏடு இல்லை, கண்காணிக்க நெறிமுறைக் குழு இல்லை, அவள் பட்டது அடுத்தவளுக்குப் பயன்படுவதும் இல்லை. சோதனையிலிருந்து விலக்கினால் பெண் பாதுகாப்பாக இருப்பாள் என்பதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

ஒரு மூலக்கூறும் மூளையின் பிரேக்கும்

இந்த வரலாற்றுக்கு நடுவே, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே ஒரு மருந்து மெல்ல உருவாகி வந்தது. ஹான்ஸ் செல்யே 1941-இல் எலிகளுக்குப் புரொஜெஸ்டிரோனை அதிக அளவில் செலுத்தியபோது அவை மயங்கிக் கிடந்தன. கருப்பைக்கு வேலை செய்யும் ஹார்மோன் மூளையையும் தொடுகிறது என்று தெரிந்தது. எப்படித் தொடுகிறது என்று தெரிய 45 ஆண்டுகள் ஆயின. 1986-இல் மரியா மஜேவ்ஸ்கா, ஸ்டீவன் பால் முதலியோர் அதைக் காட்டினார்கள். புரொஜெஸ்டிரோன் உடலில் சிதைந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளாகிறது. அந்தப் பொருள் காபா ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கூட்டுகிறது. நரம்பணுக்கள் கட்டுக்கு மீறிக் கிளர்ந்துவிடாமல் அடக்கிவைப்பது காபாதான், மூளையின் பிரேக் மாதிரி. கர்ப்பம் முற்ற முற்ற அல்லோபிரெக்னனோலோன் ஏறிக்கொண்டே போய், பிரசவமானதும் சட்டென்று விழுந்துவிடுகிறது.

விழுந்தவுடன் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சரிசெய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2008-இல் கலிஃபோர்னியாவில் ஜேமி மகுவயர், இஷ்ட்வான் மோடி இருவரும் எலிகளில் பார்த்தார்கள். காபா ஏற்பியின் ஒரு பகுதி இல்லாதபடி மரபணு மாற்றிய எலிகள் குட்டி போடும்வரை இயல்பாக இருந்தன. குட்டி போட்ட பிறகு சோர்ந்து கிடந்தன, கூடு கட்டவில்லை, குட்டிகளைக் கவனிக்காமல் சாகவிட்டன. பெதஸ்டாவின் 16 பெண்கள் காட்டியதற்கு உடலியல் வழி ஒன்று இங்கே புலப்பட்டது.

அப்படியானால் குறைந்துபோன பொருளையே திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம். அல்லோபிரெக்னனோலோனை மாத்திரையாக விழுங்கினால் உடலில் சரியாகச் சேர்வதில்லை. அதனால் அதை நரம்பு வழியாக 60 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றும்படி தயாரித்து, பிரெக்ஸனோலோன் என்று பெயரிட்டார்கள். வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் சமந்தா மெல்ட்சர் பிராடி அந்தச் சோதனைகளை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். முதலில் 4 தாய்மாருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு 21 தாய்மாரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 10 பேருக்கு மருந்து, 11 பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள, மருந்து கலக்காத திரவம். இதைத்தான் பிளாசிபோ என்கிறார்கள். எது யாருக்கு ஏறுகிறது என்று தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 60 மணி நேர முடிவில் மருந்து பெற்றவர்களின் சோர்வு மதிப்பெண் 21 புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்கு 8.8 புள்ளி. மருந்து பெற்ற 10 பேரில் 7 பேர் நோயிலிருந்து முழுவதும் மீண்டிருந்தார்கள், மற்ற 11 பேரில் ஒருவர்.

வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யப் பல வாரம் ஆகும். கைக்குழந்தையோடு தவிக்கும் தாய்க்கு இரண்டரை நாளில் விடிவு என்பது பெரிய செய்தி. 2018-இல் அடுத்தகட்டப் பெரிய சோதனைகளின் முடிவுகள் வந்தன. 2019 மார்ச் 19 அன்று அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து இது.

அந்த 14 புள்ளிகள்

2018-இன் முடிவுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். சோர்வு கடுமையாக இருந்த 138 தாய்மாரைக் கொண்ட முதல் சோதனையில், மருந்தின் ஓர் அளவு பெற்றவர்களுக்கு 19.5 புள்ளியும், இன்னோர் அளவு பெற்றவர்களுக்கு 17.7 புள்ளியும் குறைந்தன. பிளாசிபோ பெற்றவர்களுக்கு 14 புள்ளி குறைந்தது. சோர்வு சற்றுக் குறைவாக இருந்தவர்களைக் கொண்ட இரண்டாவது சோதனையில் மருந்துக்கு 14.6, பிளாசிபோவுக்கு 12.1. அந்தச் சோதனையின் 30-ஆம் நாளில் பார்த்தபோது இரு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தன.

மருந்து வேலை செய்கிறது, வேகமாகவும் செய்கிறது. அதில் ஐயமில்லை. ஆனால் மருந்தே ஏறாத தாய்மாருக்கு 14 புள்ளி குறைந்தது எப்படி? சில தாய்மாருக்கு நோய் தானே இறங்கும் கட்டத்தில் இருந்திருக்கலாம். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் சோதனைக்கு வருகிறார்கள் என்பதால், பிறகு எப்போது அளந்தாலும் குறைவாகத்தான் தெரியும். புது மருந்து கிடைக்கிறது என்ற நம்பிக்கையும் வேலை செய்திருக்கலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த 60 மணி நேரமும் ஒரு தாய் படுக்கையில் இருந்தாள். செவிலியர் அருகில் இருந்தார். உனக்கு இருப்பது ஒரு நோய் என்று ஒருவர் அவளிடம் சொன்னார், அவள் சொன்னதை உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டார். பல தாய்மாருக்கு இது பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கிடைத்ததாக இருக்கக்கூடும். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டும்படி அந்தச் சோதனை அமைக்கப்படவில்லை. ஒப்பீட்டுக் குழுவின் எண்ணை மருந்தின் எண்ணிலிருந்து கழிப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எண்ணுக்குள்ளும் பெண்களின் நலம் இருக்கிறது. அதை ஆராய வேண்டும்.

அளக்கும் கோலையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன புள்ளிகள் மாக்ஸ் ஹாமில்டன் 1960-இல் வெளியிட்ட அளவுகோலின்படி கணக்கிட்டவை. 17 கேள்விகள், அதிகபட்சம் 52 புள்ளிகள். ஹாமில்டன் முதலில் தம் அளவுகோலைப் பகுத்தாய்ந்தது 49 ஆண் நோயாளிகளின் விவரங்களை வைத்து. அதில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள், 6 புள்ளிகள். உறக்கம் தரும் எந்த மருந்துக்கும் அங்கே கொஞ்சம் சாதகம் உண்டு. கைக்குழந்தை வைத்திருப்பவளின் தூக்கக் குறைவில் நோயால் வந்தது எவ்வளவு, குழந்தையால் வந்தது எவ்வளவு என்பதையும் அது பிரிக்காது. தாய்மாருக்கென்று ஒரு கேள்வித்தாள் தேவை என்று உணர்ந்து ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகாவ்ஸ்கி மூவரும் 1987-இல் எடின்பரோ அளவுகோலை வெளியிட்டார்கள். 10 கேள்விகள்தான், தாயே ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். தமிழிலும் அதைப் பெயர்த்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிரெக்ஸனோலோனின் பட்டியல் விலை ஒரு சிகிச்சைக்கு 34,000 டாலராக இருந்தது. திடீரென்று நினைவு தப்பும் அபாயம் இருந்ததால் மருத்துவமனையில் தொடர் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வாங்க முடிந்தவர்கள் மிகச் சிலரே. 2024 இறுதியோடு அதன் விற்பனையே நிறுத்தப்பட்டது. அதற்குள் அதே வழியில் வேலை செய்யும் மாத்திரை வந்துவிட்டது. ஸுரனோலோன் என்ற அந்த மாத்திரையை 14 நாள் இரவில் எடுத்துக்கொள்ள வேண்டும். 196 தாய்மாரிடம் நடந்த சோதனையில் 15-ஆம் நாள் மருந்துக் குழுவுக்கு 15.6 புள்ளியும் பிளாசிபோ குழுவுக்கு 11.6 புள்ளியும் குறைந்தன. 2023 ஆகஸ்ட் 4 அன்று அனுமதி கிடைத்தது. விற்பனைக்கு வந்தபோது பட்டியல் விலை 15,900 டாலர்.

இரண்டு மருந்துகளின் முக்கியச் சோதனைகளிலும் சேர்ந்த தாய்மார் அந்த நாட்களில் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. தாய்ப்பாலில் கலக்கும் அளவு மிகக் குறைவு, தாய் எடுத்துக்கொண்டதில் 1 சதவீதத்துக்கும் கீழே என்று ஸுரனோலோன் பற்றிய தனி ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. சோதனைகள் தாய்மாரைக் கவனித்ததும் ஏறக்குறைய ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம்வரைதான். தாய்மை என்றாலே பால் கொடுப்பது என்றிருக்கும் நாடுகளில், பால் கொடுக்காத தாய்மாரிடம் சோதித்த மருந்தை எப்படிப் பரிந்துரைப்பது? மீண்டும் அதே பழைய சிக்கல். இந்தச் சிகிச்சை யாருக்குத் தேவையோ அவர்களில் பெரும்பாலோர் சோதனைக்கு வெளியே நிற்கிறார்கள்.

ராவல்பிண்டியின் வீடுகளில்

இங்கே ஆராய்ச்சியின் இன்னொரு பாதை தொடங்குகிறது. அந்த 14 புள்ளிகள் எழுப்பிய கேள்வியை அது வேறு விதமாகக் கேட்டது. ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுவதும், தாயைக் கவனிப்பதுமே சிகிச்சை என்றால், அதையும் மருந்தைச் சோதிப்பது போலவே கறாராகச் சோதிக்க முடியுமா?

மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் அதைச் செய்தார். அங்கே பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போவது வழக்கம். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள்தான் அவர்கள், மனநலம் படித்தவர்கள் கிடையாது. அவர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, படங்கள் நிறைந்த ஒரு கையேட்டையும் கொடுத்தார். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்கள்வரை 16 முறை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். தன்னைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் சுற்றியிருப்பவர்களைப் பற்றியும் மனதில் ஓடும் நம்பிக்கையற்ற எண்ணங்களைத் தாயே அடையாளம் காணவும், அவற்றுக்கு மாற்றான எண்ணத்தைத் தேடவும், அதைச் செயலில் பழகவும் உதவுவதுதான் வேலை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மருமகளுக்கு மனநோய் என்று சொன்னால் வாசலிலேயே கதவு சாத்தப்படும். குழந்தை நன்றாக வளர வேண்டும், அதற்குத் தாய் நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னால் மாமியாரும் கணவரும் கூடவே உட்கார்ந்து கேட்பார்கள். திட்டம் முழுவதையும் குழந்தையின் நலத்தைச் சுற்றியே அமைத்தார்கள்.

சோதனையின் அமைப்பிலும் கவனம் இருந்தது. ஒரே ஊரில் ஒருத்திக்கு இந்தச் சிகிச்சையும் அடுத்த வீட்டுக்காரிக்குச் சாதாரணக் கவனிப்பும் கொடுத்தால், கிணற்றடியில் இருவரும் பேசி எல்லாம் கலந்துவிடும். அதனால் பெண்களைக் குலுக்காமல் ஊர்ப் பகுதிகளைக் குலுக்கினார்கள். 40 பகுதிகள், மனச்சோர்வு இருந்த 903 கர்ப்பிணிகள். ஒப்பீட்டுப் பகுதிகளிலும் பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் வீட்டுக்குப் போனார்கள், ஆனால் இந்தப் பயிற்சி அவர்களுக்கு இல்லை. வெறுமனே ஒருவர் வந்து போவதால் மட்டும் வரும் பலனைக் கழித்துப் பார்க்க இந்த ஏற்பாடு.

2008-இல் முடிவு வெளியானது. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது ஒப்பீட்டுக் குழுவில் 53 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு நீடித்தது, சிகிச்சைக் குழுவில் 23 சதவீதத்தினருக்கு மட்டும். ஒரு வருடத்தில் அது 59-க்கு 27 என்று இருந்தது. ஆய்வாளர்கள் முதன்மையாக எதிர்பார்த்த குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் சிகிச்சைக் குழுவின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவாக இருந்தது, தடுப்பூசிகள் கூடுதலாகப் போடப்பட்டிருந்தன, தாயும் தந்தையும் அவர்களோடு அதிக நேரம் விளையாடினார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கையேட்டையே உலகுக்கான கையேடாக வெளியிட்டது.

பணியாளருக்கும் பஞ்சமான இடங்களில் என்ன செய்வது? அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு தாயே தோழியாகப் போனால் போதுமா என்று கோவாவிலும் ராவல்பிண்டியிலும் அடுத்த சோதனைகள் நடந்தன. 2019-இல் முடிவுகள் வந்தன. கோவாவின் 280 பெண்களிடம் ஓரளவு பலன் தெரிந்தது. ராவல்பிண்டியின் 570 பெண்களிடம் 6-ஆம் மாதத்தில் முக்கிய அளவீடுகளில் தெளிவான வேறுபாடு இல்லை. இரண்டு இடத்திலும் ஒப்பீட்டுக் குழுப் பெண்களிலும் பலர் மீண்டிருந்தார்கள். இந்த முடிவுகளை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. யார் பேசினாலும் போதும் என்று அரசுகள் மலிவாக முடித்துக்கொள்ளாதபடி இவை தடுக்கின்றன. பயிற்சி, மேற்பார்வை, நேரம் எல்லாம் சிகிச்சையின் பகுதிகள் என்று இவை சொல்கின்றன.

வேலூர் கிராமங்கள் முன்பே சொன்னது

2002-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழகக் கிராமப்புறத்துத் தாய்மாரைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் சந்தித்தார்கள். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் சந்திக்கப் போனார்கள். புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். யாருக்கு அது அதிகம் வந்தது என்பதையும் ஆராய்ந்தார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பெண்கள், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகளைப் பெற்றவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்கள், கர்ப்ப காலத்தில் பெரும் துயரைச் சந்தித்தவர்கள், கைவேலைக்கு உதவ ஆளில்லாதவர்கள்.

இந்தப் பட்டியலில் உள்ள எதையும் ஒரு மாத்திரை நேரடியாக மாற்றாது. பெதஸ்டாவில் கண்டதை இது மறுக்கவும் இல்லை. ஹார்மோன் விழும்போது ஒரு மூளை தள்ளாடுகிறது என்பதும் உண்மை, அந்த நேரத்தில் பெண் குழந்தையா என்று முகம் சுளிக்கும் வீடு அதைக் கீழே தள்ளுகிறது என்பதும் உண்மை. உடலை மட்டும் பார்க்கும் ஆய்வும் பாதி, வீட்டை மட்டும் பார்க்கும் ஆய்வும் பாதி. இரண்டையும் ஒரே தாயிடம் சேர்த்துப் பார்க்கும் சோதனைகள்தான் இனி வேண்டும். இந்தியாவில் வருடத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கின்றன. அத்தகைய ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான நாடு இல்லை.

அடுத்த முறை பெண்களின் மனநோய்க்குப் புதிய சிகிச்சை என்ற செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். யாரைச் சேர்த்தார்கள்: கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், ஏழைகள் அதில் இருந்தார்களா? யாரோடு ஒப்பிட்டார்கள்: ஒப்பிடப்பட்டவர்களுக்கு என்ன கவனிப்புக் கிடைத்தது? எதைக் கொண்டு அளந்தார்கள்: அந்த அளவுகோல் தாயின் வாழ்க்கையை அறியுமா? எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள்: 45 நாளா, குழந்தை நடக்கும்வரையா? இந்தக் கேள்விகளை மருத்துவரிடம் கேட்கலாம், மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் கேட்கலாம், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசிடமும் கேட்கலாம். கேட்பவர்கள் பெருகினால் சோதனைகளின் அமைப்பு மாறும். 1993-இல் அமெரிக்காவில் விலக்கு நீங்கியதுகூட, பெண்கள் அமைப்புகளும் பெண் மருத்துவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாமல் கேட்டதால்தான்.

அதுவரை காத்திருக்க முடியாத தாய் ஒருத்தி உங்கள் வீட்டில் இருக்கலாம். பிரசவமாகி இரண்டு வாரத்துக்குப் பிறகும் அவள் தேறவில்லை என்றால், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். வேலை செய்யும் சிகிச்சைகள் இன்றே இருக்கின்றன: பேச்சு வழிச் சிகிச்சைகள் உண்டு, பால் கொடுக்கும் காலத்திலும் மருத்துவர் தேர்ந்து கொடுக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு. இனி வரப்போகும் சிகிச்சைகள் இவற்றைவிட நன்றாக இருக்க வேண்டுமானால், தாய்மார் ஆராய்ச்சியின் கணக்கில் வந்தாக வேண்டும்.